விஷம் படாத ஸ்பிரேயர்

2023 ஜனவரி 18, புதன்கிழமை. பொங்கல் கழிந்த வாரம். விடிவதற்கு முன் எழுந்து வாசல் தெளித்தேன். சில நாட்களாகவே கிழக்குக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. தெளித்த தண்ணீர், நான் உள்ளே போய்க் கோலப்பொடியை எடுத்து வருவதற்குள் காய்ந்துவிட்டது. மாட்டைக் கறந்து, பாலை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து சொசைட்டிக்கு அனுப்பினேன். பிறகு வழக்கம்போல் தக்காளிக் காட்டுக்குப் போனேன்.

என் காலை நடை எப்போதும் ஒரே வழியில்தான். கிணற்று மேட்டில் தொடங்கி, ஓரத்தில் நட்டிருக்கும் செண்டுமல்லி வரிசையை முதலில் பார்ப்பேன். காய்ப்புழுவின் தாயான அந்துப்பூச்சிக்குத் தக்காளியைவிடச் செண்டுமல்லிமேல் ஆசை அதிகம். முட்டையை அங்கே கொண்டுபோய் வைக்கும். மொட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், காட்டுக்குள் என்ன வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அடுத்தது, குச்சியில் கட்டித் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறி. அதன் பையில் விழுந்து கிடக்கும் ஆண் அந்துகளை எண்ணிக் காலி செய்து மறுபடி கட்டுவேன். அதன் பிறகுதான் தக்காளி வரிசைகளுக்குள் நுழைவது. துளை விழுந்த காய், துளை வாயில் ஈரமான எச்சம், சுருண்ட இலை, இவற்றைப் பார்த்துக்கொண்டே மேற்கு வேலிவரை போய்த் திரும்புவேன். பார்த்ததைக் காப்பி குடிக்கும்போது டைரியில் எழுதுவேன். இது பதினைந்து வருடப் பழக்கம். டைரி எழுதாத நாளில் காப்பி ருசிப்பதில்லை.

முந்தின நாள் மாலைதான் பி.டி. பொடி கரைத்து அடித்திருந்தேன். அது ஒரு பாக்டீரியா. இலையோடு சேர்ந்து புழுவின் வயிற்றுக்குள் போக வேண்டும். போனால் புழுவுக்குத் தீனி இறங்காது. இரண்டு மூன்று நாளில் கறுத்துத் தொங்கிவிடும். மனிதருக்கும் மாட்டுக்கும் தேனீக்கும் ஒன்றும் செய்யாது. வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான் அடிப்பது. அந்தப் பருவத்தில் அதுவரை வேப்பெண்ணெய், பூண்டுச் சாறு, சோப்புக் கரைசல், ஊறவைத்து இடித்த வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவற்றோடே சமாளித்திருந்தேன். பொங்கலுக்குப் பின் காய்ப்புழு மிஞ்சிவிட்டதால் பொடியை எடுக்க வேண்டியதாயிற்று. முந்தின நாள் பொழுது சாய அடங்கியிருந்த காற்று, பாதிக் காட்டைத் தாண்டியதும் மறுபடி எழுந்தது. நிறுத்திவிட்டேன். டேங்கில் கொஞ்சம் கரைசல் மிச்சமிருந்தது. இருட்டிவிட்டதால் அப்படியே கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன், காலையில் ஊற்றிக் கழுவலாம் என்று.

ஆனால் காலையில் கிருஷி பவனில், எங்கள் பகுதிக்கான கேரள அரசு விவசாய ஆபீசில், வகுப்பு இருந்தது. பூச்சி மருந்து இல்லாமல் காய்கறி வளர்ப்பது பற்றி ஆபீசர் பேசுவார், வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்கும் முறையை நான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. சோறாக்கி வைத்துவிட்டு, வடிகட்டிய சாறு ஒரு பாட்டில், இடித்த கொட்டை ஒரு பொட்டலம், வெள்ளைத் துணி ஒன்று, சமையலறைத் தராசு எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்பிரேயரை வந்து கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஸ்பிரேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதியில் ஸ்பிரேயர் இல்லாத வீடு கிடையாது. ஆனால் விஷ மருந்து ஒருமுறைகூட ஊற்றாத ஸ்பிரேயர் என்னுடையது ஒன்றுதான். முன்பெல்லாம் மருந்தடித்தது என் வீட்டுக்காரர். ஒரு சித்திரை மாதம் தக்காளிக்கு அடித்துக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்றே பழைய ஸ்பிரேயரை மண்ணில் புதைத்துவிட்டுப் புதியது வாங்கினேன். இனி மருந்தடிப்பது நான், என்ன மருந்து என்று முடிவு செய்வதும் நான் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மறுக்கும் நிலைமையில் அவர் இல்லை.

முதல் இரண்டு வருடம் ஊரார் கிண்டலுக்குக் குறைவில்லை. சொசைட்டியில் பால் அளக்கிறவர் தினமும் கேட்பார்.

"ஏனுங்க்கா, புழுவுக்கு இன்னிக்கு ரசமுங்களா, கசாயமுங்களா?"

"ரசந்தானுங்க. உங்களுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வெச்சிருக்கறேன். நீங்க வாங்கற மருந்து டப்பாவுல ஒரு டம்ளர் நீங்க குடிங்க, இதுல ஒரு டம்ளர் நான் குடிக்கறேன். பாத்துக்கலாம்."

அதன் பிறகு அவர் பாலை மட்டும் அளந்தார்.

காலம் போகப்போக அந்த ஸ்பிரேயருக்கே ஒரு பெயர் வந்துவிட்டது. கோழிக்குஞ்சுக் கொட்டகைக்கு வெயில் நேரத்தில் தண்ணீர் அடிக்க, வெற்றிலைக் கொடியை நனைக்க, மாட்டுப்பொங்கலுக்குப் பட்டியில் மஞ்சள் தண்ணீர் தெளிக்க என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்பார்கள். "விசம் படாத மிஷின் ஊட்ல இருக்குதுங்களா?" என்பார்கள். என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார். அவருக்கு அதில் ஒரு பெருமை. ஒருமுறை வகுப்புக்கு வந்தவர்கள் முன்னால் கரைசலில் விரலை விட்டு நக்கியும் காட்டியிருக்கிறார். நான் அதட்டியதால் இரண்டாம் முறை நக்கவில்லை.

எங்கள் மேற்கு வேலியை ஒட்டிப் போன வருடம் மல்பெரி வந்தது. பக்கத்துத் தோட்டத்து மருமகள் வைத்தது. முப்பது வயது தாண்டாத பெண். அவள் புருஷன் கோயம்புத்தூரில் வேன் ஓட்டுகிறான், வாரம் ஒருமுறை வருவான். மாமனாரிடம் சண்டை போட்டு நிலத்தில் ஒரு பகுதியை வாங்கி, மல்பெரி நட்டு, பட்டுப்புழு ஷெட் போட்டாள். முதல் தடவை வளர்த்த புழு சூட்டிலும் நோயிலும் போயிற்று. இரண்டாம் தடவை, தெற்கே இருந்த ஒரு குத்தகைக் காட்டில் அடித்த விஷம் காற்றில் வந்து இலையில் இறங்கியது. புழு பச்சையாகக் கக்கிச் செத்தது. இரண்டு தடவையும் கூடு கட்டப்போகிற கடைசி வாரத்தில்தான் சாவு. மூன்றாவதும் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைப்பது என்று மாமனார் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. தென்னம்பிள்ளைகளை வாங்கி வந்து வேலியோரம் நிழலில் வரிசையாக வைத்தும்விட்டார். அவள் ஷெட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அவற்றைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

மூன்றாவது தடவை இலை அறுக்கும் வரிசைகளை மாற்றினாள். தெற்குப் பக்கத்தை விட்டுவிட்டு எங்கள் வேலிப் பக்கத்தை நம்பினாள். அங்கிருந்து விஷம் வராது என்று அவளுக்கு நிச்சயம்.

கிருஷி பவன் வகுப்பில் என் பங்கு நன்றாகவே நடந்தது. கொட்டையை எவ்வளவு இடிப்பது, எவ்வளவு நேரம் ஊறவைப்பது, துணியில் கட்டிப் பிழிவது, சோப்பு ஏன் சேர்ப்பது என்று தராசு வைத்தே காட்டினேன். பின்னால் ஆபீசர் பி.டி. பொடியைப் பற்றிச் சொன்னார். மலையாளம் கலந்த தமிழில் தெளிவாகப் பேசுகிறவர். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். நான் தராசைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்வரிசையில் ஒரு ஆள் எழுந்து கேட்டார்.

"எங்க தோட்டத்துக்குப் பக்கத்துல பட்டுப்புழு வளக்கறாங்க மேடம். அதுக்கொண்ணும் ஆகாதுங்களே?"

ஆபீசர் கையிலிருந்த பாக்கெட்டை மேஜையில் வைத்தார். "பட்டுப்புழு உள்ள இடத்துல இது அடிக்கவே பாடில்லா" என்றார். கூடவே கூடாது என்று அர்த்தம். இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்ததே ஜப்பானில் செத்துக் கிடந்த பட்டுப்புழுக்களில்தான் என்றும் சொன்னார். காய்ப்புழுவும் பட்டுப்புழுவும் அந்தின் குட்டிகள்தாம். ஒன்றின் வயிற்றைக் கெடுப்பது மற்றதையும் கெடுக்கும். வேப்பெண்ணெய் பட்ட இலையைக்கூடப் பட்டுப்புழு ஒழுங்காகத் தின்னாது.

மேஜையிலிருந்த பாக்கெட்டை எடுத்து, பின்புறத்தில் அந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. இங்கிலீஷிலும் இந்தியிலும், எறும்பு வரிசை மாதிரிப் பொடி எழுத்தில்.

முந்தின நாள் மாலை எழுந்த காற்று கிழக்கிலிருந்து மேற்கே போனது. என் காட்டிலிருந்து அவள் மல்பெரிக்கு. அதை நினைத்ததும் அவளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஷெட்டுக்குள் அவள் போனைக் கொண்டுபோவதில்லை. கை கால் கழுவி உள்ளே போனால் வெளியே வரும்வரை வேறு எதையும் தொடமாட்டாள். வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க, நம்ம வேலிப் பக்கத்து எலைய இன்னிக்கு அறுக்க வேண்டாம்னு. உடனே போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன். காலைலதான் வந்துட்டுப் போச்சு. காத்துல எலை வாடுதாம், நம்ம மிஷினக் கேட்டுது."

பையைத் தரையில் வைத்தேன்.

"குடுத்தீங்களா?"

"குடுக்காம? டேங்குல கெடந்ததச் செம்பருத்திக்கு ஊத்திட்டு, ஒருதரம் அலசித்தான் குடுத்தேன். ஏன், விசமில்லாததுன்னு நீதானம்மிணி ஊரெல்லாம் சொன்னே?"

அது உண்மை. அதனால்தான் அவள் வந்தாள். அவளிடமும் ஒரு ஸ்பிரேயர் உண்டு. ஷெட்டைச் சுத்தம் செய்ய பிளீச்சிங் பவுடர் கரைத்து அடிப்பது. அதை இலைக்குத் தொடமாட்டாள். மற்றவர்கள் வீட்டு ஸ்பிரேயர்களில் விஷம் ஊறியிருக்கும். ஊரிலேயே பட்டுப்புழுவுக்குத் தரும் இலைமேல் நம்பித் தண்ணீர் அடிக்கக்கூடியது என்னுடையது ஒன்றுதான் என்று கணக்குப் போட்டு, சரியாக அதையே வாங்கிப் போயிருக்கிறாள்.

"ஓடிப்போய் வாங்குங்க. அதுல நனச்ச எலையப் புழுவுக்குப் போட வேண்டாம்னு சொல்லுங்க. ஷெட்டுக்குள்ள மட்டும் போயராதீங்க. கையால எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பஸ் வருவதற்கு இருந்த நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்த முயன்றேன். அறுத்த இலை. நனைத்த சாக்கு. தின்ற புழு. தின்னாத புழு. நாலாவது உறக்கத்திலிருந்து புழு எழுகிற நாள் அது என்று அவள் முந்தின நாள் வேலியோரம் சொல்லியிருந்தாள். பட்டுப்புழு தோலுரிக்கும்போது தின்னாமல் அசையாமல் கிடக்கும். எல்லாம் எழுந்த பிறகுதான் இலை போடுவார்கள். எழாமல் இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். ஒரு புழு தூங்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

நான் போனபோது வீட்டுக்காரர் ஷெட்டு வாசலிலிருந்து எட்ட, தென்னம்பிள்ளைகளுக்குப் பக்கத்தில், ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். இறக்கி வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றிருக்கிறார். அந்தப் பெண் வாசற்படிக்கு உள்ளே இருந்தாள். அவர் சொன்னதில் பாதிதான் அவளுக்குப் புரிந்திருந்தது. நான் முழுதும் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

ஷெட்டில், கம்பித் தட்டுகளில் புழுவைப் பரப்பிய நான்கு படுக்கைகள். ஒரு படுக்கைப் புழு மட்டும் முன்னால் எழுந்துவிட்டதால் மதியம் அதற்கு இலை போட்டிருந்தாள். மற்ற மூன்றுக்கும் பொழுதோடு போடுவதாக இருந்தாள். அறுத்த கிளைகள் இலை அறையில் ஈரச்சாக்கின்கீழ் நின்றிருந்தன. சாக்கிலும் இலையிலும் என் ஸ்பிரேயரால்தான் தண்ணீர் அடித்திருந்தாள்.

"எந்த வரிசைல அறுத்தே கண்ணு?"

"மேக்குக் கோடியிலதானுங்க. உங்க வேலிப் பக்கம் நாளைக்கின்னு வெச்சிருந்தேன்."

அந்த ஒன்று மட்டும் நல்லதாக அமைந்தது. மேற்குக் கோடி எங்கள் வேலிக்கு நேர் எதிர்ப்பக்கம், அங்கே இலை இன்னும் இருந்தது. வேலிப் பக்கத்து வரிசைகளைத்தான் கைவிட வேண்டும்.

"தின்ன படுக்கைய வெளில எடுத்தரோணும்" என்றேன். "எச்சத்துலயும் செத்த புழுவுலயும் கிருமி இருக்கும். மத்த மூணுக்கும் ஒட்டுச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது."

அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். "நல்லாத்தானுங்க்கா தின்னுட்டிருக்குது. நீங்களே பாருங்க."

வாசலில் நின்றபடியே பார்த்தேன். தின்றுகொண்டுதான் இருந்தன. தோலுரித்து எழுந்த வெளுப்போடு, தலையை மேலும் கீழும் ஆட்டி, இலை ஓரத்தை அரிந்துகொண்டே போயின.

"தக்காளிப் புழுவும் மொதல்ல தின்னுட்டுத்தான் கண்ணு சாகுது."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்: "விசம் அடிக்காத காடு பக்கத்துல இருக்குதுன்னுதானுங்க்கா எங்க மாமாகிட்ட அத்தன சண்டை போட்டு இங்க வெச்சேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் குளிக்கப் போனேன்.

முந்தின நாள் மருந்தடித்த கை என்னுடையது. நகத்திலும் தலைமுடியிலும் என்ன ஒட்டியிருக்கிறதோ தெரியாது. அவள் வீட்டுக் குளியலறையில் சோப்புப் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நகத்தை வெட்டி, அவளுடைய நைட்டி ஒன்றை வாங்கி உடுத்தினேன். அது எனக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. வெளியே நின்ற வீட்டுக்காரர் பார்த்தார்.

"பள்ளிக்கோடம் போறாப்ல இருக்குது" என்றார்.

அந்தப் பெண் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பு அப்போது எங்களுக்கு வேண்டியிருந்தது. பிறகு இருவரும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனோம்.

முதலில் இலை அறையைக் காலி செய்தோம். கிளைகளை அவள் கட்டுக்கட்டாக எடுத்து வெளியே போட, வீட்டுக்காரர் தூக்கிப் போய்க் குழியில் தள்ளினார். ஸ்பிரேயரைத் தொட்டவர் என்பதால் அவருக்கு வெளிவேலை மட்டும்தான் என்று சொல்லியிருந்தேன். குழியையும் அவரே வெட்டினார், மல்பெரிக்கும் ஷெட்டுக்கும் எட்டாத தூரத்தில், காற்று போகும் பக்கமாக. சாக்குகளையும் அதிலேயே போடச் சொன்னாள். நல்ல சாக்குகள் என்று அவர் தயங்கியபோது, "போடுங்கண்ணா" என்றாள்.

அதன் பிறகு தின்ற படுக்கை. அதைக் குழியில் போட அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. உயிரோடு தின்றுகொண்டிருப்பவை. எங்கள் வீட்டுத் தேங்காய்க் கொட்டகை காலியாகக் கிடந்தது. அடியில் விரித்திருந்த வலையோடும் கிளையோடும் அப்படியே சுருட்டித் தாளில் வைத்து அங்கே கொண்டுபோய் விரித்தோம். ஷெட்டில் அந்தப் படுக்கை இருந்த இடம், கீழே தரை, பக்கத்துக் கம்பிகள் எல்லாவற்றையும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்தோம். மூலைகளை நான் இரண்டாம் முறை தேய்த்தேன். அவள் எனக்குப் பின்னால் வந்து மூன்றாம் முறை தேய்த்தாள். எங்களுக்குள் அந்த விஷயத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கொட்டகைக்குப் போய் வந்த கையோடு மறுபடியும் குளியல், மறுபடியும் வேறொரு நைட்டி. பிறகு அரிவாளோடு மேற்குக் கோடிக்குப் போனோம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று படுக்கைப் புழுக்களும் எழுந்து தலையைத் தூக்கி இலை தேட ஆரம்பித்திருந்தன. எழுந்த புழுவைக் காக்க வைக்கலாம், வெகுநேரம் வைக்கக் கூடாது. அவள் அறுத்தாள், நான் கட்டினேன். தண்ணீர் தெளிக்கவில்லை. வாடுவதற்கு நேரம் கொடுக்காமல் அறுத்ததை அறுத்தவுடன் கொண்டுபோய்ப் போட்டோம்.

அறுக்கும்போது என் அலமாரியை மனதுக்குள் ஒருமுறை பார்த்தேன். பி.டி. பொடி, வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டை. பதினைந்து வருடத்தில் நான் சேர்த்த அத்தனையும் புழுவுக்கு எதிரானவை. எந்தப் புழு யாருடைய புழு என்று அவற்றுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவள் ஸ்பிரேயரைத் தூக்குகிறவள்தான். விஷத்துக்குத் திரும்புவதில்லை, அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் வேலியோரத்து வரிசைகளில் இனி எதையும் தெளிப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். அங்கே புழுவைக் கையால் பொறுக்குவது. வேலியை ஒட்டிக் காற்றுக்குத் தடுப்பாகச் சோளம் அடர்த்தியாக விதைப்பது. உள்வரிசைகளுக்குப் பொடி அடிப்பதாக இருந்தால், அவள் புழு கூடு கட்டி முடித்த பிறகு, அவளிடம் சொல்லிவிட்டு. இதை அவளிடம் சொன்னபோது, "சோளம் எங்க பக்கமும் ரெண்டு வரிசை போட்டுக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

விளக்குப் போட்ட நேரத்தில் கொட்டகையைப் போய்ப் பார்த்தோம். அந்தப் புழுக்கள் தின்பதை நிறுத்தியிருந்தன. இலை அப்படியே இருந்தது. சில தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சில கிளையில் தொங்கியபடி இருந்தன. அவள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அது கையைப் பற்றவில்லை. பட்டுப்புழு கையில் ஏறினால் கால்களால் இறுகப் பிடிக்கும். இது நூல்போலக் கிடந்தது. அவள் அதைத் திரும்ப வைத்துவிட்டு, கையைக் கழுவப் போனாள்.

அப்போதுதான் அவளுடைய மாமனார் வந்தார். ஊருக்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எழுபதை ஒட்டிய மனிதர், வேட்டியை மடித்துக் கட்டியபடி கொட்டகை வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்ன, இதும் போச்சா?"

"ஒரு படுக்கை போச்சுங் மாமா. மூணு இருக்குது."

"இருக்குமா?"

"இருக்குமுங்."

அவர் வெளியே வந்து, வேலியோரத்துத் தென்னம்பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். "காலைல பாக்கலாம்" என்றார். அதற்கு அர்த்தம் எங்கள் மூவருக்கும் தெரியும். மல்பெரியைத் தோண்டியெடுக்க ஆட்களை நாளைக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதைத்தான் அவர் பார்க்கப் போகிறார்.

நான் அவரிடம் ஒன்று சொன்னேன். ஸ்பிரேயர் என்னுடையது, மருந்து என்னுடையது, அவள் செய்ததில் தப்பில்லை, நாளைக்குப் பார்க்கும்போது அந்த ஒரு படுக்கையை என் கணக்கில் வைத்துவிட்டு மற்ற மூன்றை மட்டும் பாருங்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "உங்களுக்கு எதுக்குங்க புழுக் கணக்கு" என்று சொல்லிப் போய்விட்டார். சம்மதமா இல்லையா என்று அந்தப் பேச்சிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் வீட்டுக்காரர் ஸ்பிரேயரைக் கழற்றி, வாஷர் முதல் குழாய் வரை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தேய்த்தாலும் இனி அது வெளியே போகாது என்றேன். கோழிக்கும் வெற்றிலைக்கும் போகலாமே என்றார். யார் வந்து கேட்டாலும் என்ன வேலைக்கு என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று சமரசமானோம். கொஞ்சம் பொறுத்து, "விசமில்லேன்னா எதுக்கும் விசமில்லேன்னு நெனச்சுட்டேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டைரியில் அன்று பார்த்ததை எல்லாம் எழுதினேன். மறுநாள் செய்ய வேண்டியதைக் கடைசி வரியாக எழுதிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. வாசல் தெளித்த கையோடு, கோலமும் போடாமல், காப்பியும் வைக்காமல், ஒரு பிளாஸ்டிக் வாளியில் உப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேற்கு வேலிக்குப் போனேன். செண்டுமல்லியையும் பொறியையும் பார்க்கவில்லை. வேலியோரத்து முதல் வரிசையில் குனிந்து, துளை விழுந்த காயைப் பறித்துப் பிளந்து, உள்ளே இருந்த புழுவை வாளியில் போட்டேன். இலைக்கடியில் இருந்ததை விரலால் எடுத்துப் போட்டேன். பின் அடுத்த செடி.

அந்தப் பக்கம் ஷெட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நிமிரவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. சற்று நேரத்தில் அவள் வேலியருகே வந்து நின்றாள். கையில் அரிவாள், தோளில் இலை கட்டும் கயிறு.

"அக்கா."

"சொல்லு கண்ணு."

"மூணு படுக்கையிலயும் குச்சிதானுங்க்கா மிச்சம். எலை ஒண்ணு வெச்சிருக்கல. மாமா வந்து பாத்துட்டு, இன்னம் ஒரு கட்டுப் போடு புள்ளேன்னு சொல்லிட்டுப் போறாரு."

நிமிர்ந்து பார்த்தேன். தென்னம்பிள்ளைகள் வேலியோரம் அதே இடத்தில்தான் இருந்தன. கடப்பாரையோடு யாரும் வரவில்லை.

"இரு, கை கழுவிட்டு வரேன். அறுத்துத் தரேன்" என்றேன்.

"வேண்டாமுங்க்கா. அந்தக் கையோட நீங்க அக்கட்டயே இருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் மேற்குக் கோடிக்கு நடந்தாள்.

நான் அடுத்த செடிக்குக் குனிந்தேன்.